அம்ஸ்டர்டாமில் யாருக்குக் கட்டில்?

"ஹொலண்டுக்குப் போறன். அம்ஸ்டர்டாமில எங்க தங்கினால் நல்லம்?" இந்தக் கேள்விக்கு எங்கட ஆக்களிட்ட இருந்து வழமையாக வாற பதில் ஒன்றுதான்: "ஏன் காசைக் கரியாக்கிறாய், மாமா வீடு இருக்கெல்லோ?" மாமா வீடு நகரத்துக்குள் இருக்காது. ரயிலில் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ தள்ளி ஏதாவது ஒரு சின்ன ஊரில் இருக்கும். ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கடைசியில் அதற்கு வருகிறோம்.

மாமா வீடு இல்லாதவர்கள் இணையத்தில் வரைபடத்தைத் திறந்து விலையைப் பார்ப்பார்கள். நகரத்தின் நடுவே அரைவட்டமாக வளைந்து கிடக்கும் கால்வாய்களை ஒட்டி விலை மலை போல ஏறும். கொஞ்சம் விலகினால் இறங்கும். ஆற்றைக் கடந்தால், மெட்ரோவில் தெற்கே போனால் இன்னும் இறங்கும். இந்த விலைகளை நேற்று இரவு ஏதோ ஒரு கணினி தீர்மானித்தது போலத் தோன்றும். ஆனால் இந்த நகரத்தில் யார் எங்கே படுக்கலாம் என்ற கேள்வி நானூறு வருடம் பழையது. அந்தக் கேள்வி வழியாக இந்த நகரத்தைச் சுற்றிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மூன்று கால்வாய்கள்

1613இல் அம்ஸ்டர்டாம் தன்னைப் பெருப்பிக்கத் தொடங்கியது. பழைய நகரத்தைச் சுற்றி மூன்று பெரிய கால்வாய்கள் வெட்டப்பட்டன: ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். 'கிராக்ட்' என்றால் கால்வாய். கனவான்களின் கால்வாய், பேரரசரின் கால்வாய், இளவரசர்களின் கால்வாய் என்று பெயர்களிலேயே ஆளைத் தெரிகிறது. கரையோரக் காணிகள் பணக்கார வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கால்வாய் வட்டத்தைத்தான்.

நிலம் சதுப்பு. வீடு கட்ட வேண்டுமென்றால் சேற்றுக்குள் நீளமான மரத் தூண்களை இறக்கி, கீழே உள்ள மணல் அடுக்கில் நிறுத்த வேண்டும். டாம் சதுக்கத்தில் பழைய நகர மண்டபமாக இருந்து இன்று அரண்மனையாக இருக்கும் ஒரே ஒரு கட்டடம் மட்டும் 13,659 தூண்களில் நிற்கிறது. காணிகள் ஒடுக்கமானவை, ஆழமானவை. அதனால் வீடுகள் மெலிந்து உயர்ந்தன. உள்ளே படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்தாகப் போகும். கூரைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டு ஒரு உத்திரமும் கொக்கியும் இருக்கும். சாமான்களைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்கி மேல்மாடிக் களஞ்சியத்துக்குள் வைப்பதற்காக அது.

இன்று அந்தக் களஞ்சிய மாடிகளில் பல 'கால்வாய்க் காட்சி உள்ள அழகிய அறை' ஆகிவிட்டன. 25 பழைய வீடுகளின் சுவர்களை உடைத்து ஒன்றாக்கி நடத்தும் ஒரு ஆடம்பர விடுதிகூட இந்த வட்டத்துக்குள் இருக்கிறது. இங்கே தங்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது மின்தூக்கி இருக்கிறதா என்பது. இரண்டாவதாகக் கேட்கக்கூடியது, அந்த மாடியில் முன்பு என்ன இருந்தது என்பது. இந்தக் கேள்வி எங்களையும் தொடும்.

கறுவா மணம்

1602இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கியபோது, அம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் காசு போட்டார்கள். பெரும் முதலாளிகளோடு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தார். 1656இல் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. தென்மேற்கில் கறுவா, மன்னார்க் கடலில் முத்து, வன்னியில் பிடித்து இந்திய வியாபாரிகளுக்கு விற்ற யானை என்று இலங்கை கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் பல பக்கங்களை நிரப்பியது. ஐரோப்பியச் சந்தையில் கறுவாவின் விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் கம்பனி உட்கார்ந்துகொண்டது.

அம்ஸ்டர்டாமில் கம்பனியின் தலைமையகமாக இருந்த கட்டடம் இன்றும் பழைய நகரத்தில் நிற்கிறது. இப்போது அது பல்கலைக்கழகத்தின் பகுதி. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் எழுதிய பெரிய நூல் 1672இல் இதே நகரத்தில்தான் அச்சானது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றியது அது. யாழ்ப்பாணக் கோட்டையின் படமும், எங்கட ஊர்த் தேவாலயங்களின் படங்களும், தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு. கோட்டைச் சுவரை முனியப்பர் கோயில் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு, அந்தக் கோட்டைக்கு உத்தரவு போன திசை இதுதான்.

கால்வாய் வட்டத்தின் செல்வம் ஆசியாவிலிருந்து மட்டும் வரவில்லை. ஹேரன்கிராக்ட் 502ஆம் இலக்க வீடு இன்று நகர மேயரின் உத்தியோகபூர்வ இல்லம். அதை 1670களின் தொடக்கத்தில் கட்டுவித்தவர் பவுலஸ் கோடின். மேற்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்களில் ஒருவர், அடிமை வியாபாரத்தில் பங்குள்ளவர். 1683இலிருந்து அம்ஸ்டர்டாம் நகரமே சுரினாம் குடியேற்றத்தின் பங்கு உரிமையாளர். 2021 யூலை 1ஆம் திகதி மேயர் நகரத்தின் சார்பில் இதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆன்மா விற்பவர்கள்

கப்பலில் போனவர்கள் எங்கே படுத்தார்கள்? கம்பனியின் இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஏறக்குறைய 10 இலட்சம் பேர் ஆசியாவுக்குக் கப்பலேறினார்கள். பாதிக்கும் குறைவானவர்களே திரும்பி வந்தார்கள். அதில் கனபேர் ஒல்லாந்தர் இல்லை. ஜேர்மன் நாடுகளிலிருந்தும் ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் வேலை தேடி நடந்து வந்த ஏழை இளைஞர்கள்.

கையில் காசில்லாமல் அம்ஸ்டர்டாமுக்கு வந்த இளைஞனைத் துறைமுகப் பக்கத்துத் தங்குமிடக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். படுக்க இடமும் சாப்பாடும் குடியும் கடனுக்குக் கிடைக்கும். கப்பல் ஆளெடுக்கும் நாள் வரும்வரை நெரிசலான அறைக்குள் கிடக்க வேண்டும். பிறகு அவனைக் கம்பனியில் சேர்த்துவிட்டு, அவனுடைய வருங்காலச் சம்பளத்திலிருந்து 150 கில்டர் வரை அறவிடும் கடன் பத்திரத்தைத் தங்குமிடக்காரர் வாங்கிக்கொள்வார். ஆள் கடலில் செத்தால் அந்தப் பத்திரத்துக்குப் பெறுமதி இல்லை. அதனால் அதைக் குறைந்த விலைக்கு வேறு யாருக்காவது விற்றுவிடுவார். சனம் இந்தத் தங்குமிடக்காரர்களுக்கு வைத்த பெயர் 'ஆன்மா விற்பவர்கள்'.

இலங்கையின் கோட்டைகளில் காவல் நின்ற சிப்பாய்கள் பலரின் முதல் இரவு இப்படியான ஒரு அறையில்தான் கழிந்திருக்கும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தரகர்களையும், போகும் முன்பே தொடங்கும் கடனையும் பற்றி எங்கட சனத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று அதே பழைய நகரப் பகுதி, ரயில் நிலையத்துக்குக் கிட்ட என்பதால் மலிவுக் கட்டில் தேடும் இளைஞர்களின் முதல் தெரிவு. இரவில் சத்தம் அதிகம். நித்திரை தேவைப்படுபவர்கள் தவிர்க்கலாம்.

யோர்டான்

கால்வாய் வட்டத்துக்கு மேற்கே யோர்டான். பணக்காரரின் கால்வாய்களை வெட்டிய அதே காலத்தில் தொழிலாளருக்கும் அகதிகளுக்கும் நாற்றமடிக்கும் தொழில்களுக்கும் என்று விடப்பட்ட பகுதி. தோல் பதனிடுபவர், சாயம் போடுபவர் எல்லாம் இங்கே. தெருக்கள் பழைய வயல் வாய்க்கால்களின் கோட்டிலேயே போடப்பட்டதால், வட்டத்தின் ஒழுங்கு இங்கே இல்லை. 1656இல் கடனில் விழுந்து வீட்டை இழந்த ஓவியர் றெம்பிரான்ட் கடைசிக் காலத்தில் வாடகைக்கு வந்ததும் இந்தப் பக்கம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே அறையில் முழுக் குடும்பமும் கிடந்தது. 1886 யூலையில் தடைசெய்யப்பட்ட ஒரு தெரு விளையாட்டைப் பொலிஸ் நிறுத்தப் போய்க் கலவரம் வெடித்தது. கால்வாய்க்கு மேலே கயிற்றில் தொங்கவிட்ட விலாங்கு மீனைப் படகிலிருந்து இழுக்கும் விளையாட்டு அது. இராணுவம் வந்து சுட்டது. 26 பேர் இறந்தார்கள். விலாங்கு ஒரு சாட்டு, ஆத்திரம் வறுமையில் இருந்து வந்தது. அந்தக் கலவரம் நடந்த கால்வாயும் அயலிலுள்ள வேறு சிலவும் சில வருடங்களுக்குள் மண் போட்டு மூடப்பட்டன.

இன்று யோர்டான் நகரத்தின் மிக விரும்பப்படும் பகுதிகளில் ஒன்று. சின்ன வீடு, பூச்சட்டி, கோப்பிக் கடை. பயண இணையத்தளங்கள் 'உண்மையான அம்ஸ்டர்டாம்' என்று எழுதும். அந்த உண்மையான சனத்தின் பிள்ளைகள் பலர் வாடகை தாங்காமல் எப்பவோ வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

வெறுமையான வீடுகள்

பழைய நகரத்தின் கிழக்கே யூதர் பகுதி. 1675இல் கட்டிய போர்த்துக்கேய யூதரின் தொழுகைக்கூடம் இன்றும் அங்கே இருக்கிறது. 1940இல் ஜேர்மனி ஆக்கிரமித்தபோது நகரத்தில் ஏறக்குறைய 80,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். 1941 பெப்ரவரியில் யூதர்களைப் பிடித்துச் சென்றதை எதிர்த்து அம்ஸ்டர்டாம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ட்ராம்கள் நின்றன. அது அடக்கப்பட்டது. 1942இலிருந்து மக்கள் ஒரு நாடக அரங்கில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பான்மையானவர்கள் திரும்பவில்லை.

பிரின்சன்கிராக்ட் 263இல், ஒரு வியாபார நிலையத்தின் பின்பகுதியில், எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். ஆன் பிராங்கின் குடும்பமும் அவர்களோடு சேர்ந்தவர்களும். 1942 யூலை தொடக்கம் 1944 ஓகஸ்ட் 4 வரை. எந்த ஒடுக்கமான ஆழமான கட்டட அமைப்பைப் பற்றி மேலே சொன்னோமோ, அதே அமைப்புத்தான் முன்னால் அலுவலகமும் பின்னால் மறைவிடமும் இருக்க இடம் தந்தது.

யூதர் பகுதியின் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் விறகில்லாத சனம் அந்த வீடுகளின் மரங்களைக் கழற்றி எரித்தது. பல கட்டடங்கள் இடிந்தன. போருக்குப் பிறகு உயிரோடு திரும்பிய சிலருக்கு நகரசபையிடமிருந்து கடிதம் வந்தது. நகரசபைக்குச் சொந்தமான நிலத்தில் உங்கள் வீடு இருக்கிறது, இத்தனை வருடக் குத்தகைப் பணம் கட்டவில்லை, ஆகவே நிலுவையோடு தண்டமும் கட்டுங்கள் என்று. முகாமிலும் மறைவிலும் இருந்த வருடங்களுக்குத் தண்டம். இந்தக் கோப்புகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆவணங்களுக்குள் வேலை செய்த ஒரு மாணவி கவனித்தார். 2016இல் நகரசபை 1 கோடி யூரோவை யூத சமூகத்துக்குத் திருப்பித் தர முடிவெடுத்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து சொந்த வளவின் படலையில் நின்ற சனத்துக்கு இந்தக் கதையின் கனம் தெரியும்.

வீடு இல்லையென்றால் முடியும் இல்லை

போருக்குப் பிறகு நகரத்தில் வீட்டுத் தட்டுப்பாடு. அதே நேரம் விலை ஏறட்டும் என்று முதலாளிகள் பூட்டி வைத்த கட்டடங்கள். 1960களிலிருந்து இளைஞர்கள் அவற்றின் பூட்டை உடைத்துக் குடியேறத் தொடங்கினார்கள். 1975இல் யூதர் பகுதிக்குப் பக்கத்தில் மெட்ரோவுக்காக வீடுகளை இடிக்க வந்தபோது தெருவில் பெரிய மோதல். 1980 மார்ச்சில் குடியேறியவர்கள் போட்ட தடுப்புகளை அகற்ற நகரத்துக்குள் டாங்கிகள் வந்தன. அதே வருடம் ஏப்ரல் 30இல் அரசி பெயட்ரிக்ஸ் பதவியேற்ற நாளில் 'வீடு இல்லையென்றால் முடியும் இல்லை' என்ற கோஷத்தோடு நகரம் கொந்தளித்தது. இப்படிக் குடியேறுவது 2010இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் இன்று நாங்கள் படமெடுக்கும் பழைய தெருக்கள் சில மிஞ்சியிருப்பதற்கு அந்தப் 'பூட்டுடைப்பு' இளைஞர்களும் காரணம்.

நகரத்தின் கிழக்குத் துறைமுகப் பக்கம் இருக்கும் லொயிட் விடுதிக் கட்டடம் இந்தக் கதை எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கிறது. 1921இல் ஒரு கப்பல் கம்பனி அதைக் கட்டியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போகும் ஏழைக் குடியேறிகள் கப்பல் வரும்வரை தங்குவதற்காக. கம்பனி 1930களில் நொடித்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அது சிறை. போருக்குப் பிறகும் சிறை. பிறகு இளைஞர் சிறை. பிறகு ஓவியர்களின் வேலைக்கூடம். 2004இல் மறுபடியும் விடுதி.

தென்கிழக்கே பைல்மர். 1960களின் இறுதியில் நடுத்தர வர்க்கத்துக்கு என்று எழுப்பிய பெரும் அடுக்குமாடிகள். எதிர்பார்த்த ஆக்கள் வரவில்லை. 1975இல் சுரினாம் சுதந்திரமடைந்த காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள், பிறகு ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள். 1992 ஒக்ரோபர் 4இல் ஒரு சரக்கு விமானம் அந்த மாடிகளில் விழுந்தது. பதிவில்லாமல் தங்கியிருந்தவர்கள் பலர் இருந்ததால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுப்பதே சிக்கலானது. உத்தியோகபூர்வ எண்ணிக்கை 43. இன்று அறை விலை குறைவாகத் தெரியும் மெட்ரோப் பகுதிகளில் இதுவும் ஒன்று.

கட்டில், குளியல், பாண்

இனி மாமா வீட்டுக்கு வருவோம்.

1983 கறுப்பு யூலைக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு ஓடியவர்களில் சில ஆயிரம் பேர் 1984, 85இல் நெதர்லாந்துக்குப் போனார்கள். பெரும்பாலும் இளம் ஆண்கள். அம்ஸ்டர்டாம் போன்ற பெரிய நகரங்களில் சேர்ந்தார்கள். அதுவரை அங்கே அடைக்கலம் கேட்டவர்கள் நகரசபையின் சமூக உதவிப் பணத்தைப் பெற்றுத் தாங்களே அறை தேடி வாழலாம். தமிழர்கள் தொகையாக வந்ததும் நகரசபைகள் முறைப்பட்டன. பத்திரிகைகளில் 'பொருளாதார அகதிகள்' என்ற சொல் அடிபட்டது. 1985இல் அரசாங்கம் தமிழருக்கென்றே ஒரு தனி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உதவிப் பணம் கிடையாது. அரசு ஒழுங்குசெய்த தங்குமிடத்தில் படுக்கை, கழுவ இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு. 'பெட், பாட், புரோட்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. எங்கட பாஷையில் கட்டில், குளியல், பாண்.

பாண் தருவதில் என்ன பிழை என்று கேட்கலாம். விசயம் இதுதான்: அந்த ஏற்பாடு வசதி குறைவாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கத்தின் பகுதி. மற்றவர்கள் வர யோசிக்க வேண்டும். எங்கே வாழலாம், எதைச் சமைக்கலாம், யாரோடு இருக்கலாம் என்ற தெரிவு மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது. 1987இல் அடைக்கலம் கேட்கும் எல்லோருக்குமான பொது ஏற்பாடு வந்தது. ஆட்கள் நாடெங்கும் உள்ள முகாம்களுக்கும் சிறு ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். உங்கட மாமா அம்ஸ்டர்டாமில் இல்லாமல், பெயர் சொல்லவே நாக்குப் பிரளும் ஒரு சின்ன ஊரில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சொற்றொடர் தமிழரோடு போய்விடவில்லை. 2015இல், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கட்டிலும் குளியலும் பாணும் கொடுக்கலாமா என்ற வாதத்தில் நெதர்லாந்தின் கூட்டணி அரசே ஆட்டம் கண்டது.

அப்ப எங்கதான் தங்குவது?

ஒன்பது இலட்சத்துக்குக் கொஞ்சம் கூடிய சனம் வாழும் இந்த நகரத்தில், சுற்றுலாப் பயணிகள் தங்கும் இரவுகள் வருடத்துக்கு 2 கோடியைத் தாண்டும் நிலை வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் நகரசபை விதி செய்தது. சொந்த வீட்டை விடுமுறைக்காரருக்கு விடுவது 2019இலிருந்து வருடத்துக்கு 30 இரவுகளாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2024இல் தங்குமிட வரி 12.5 வீதமானது. ஒரு விடுதி மூடினால்தான் புதியது திறக்கலாம் என்ற விதியும் அதே வருடம் வந்தது. இதெல்லாம் விருந்தாளியை வெறுப்பதால் வரவில்லை. ஒரு வீடு முழுநேர விடுமுறை அறையாக மாறும்போது, அங்கே வாழக்கூடிய ஒரு குடும்பம் யோர்டான்காரரைப் போல வெளியே போக வேண்டி வருகிறது.

ஆகவே நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தனியார் வீட்டில் அறை எடுத்தால், விளம்பரத்தில் நகரசபைப் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விடுங்கள். ஒரு இரவாவது கால்வாய் வட்டத்துக்குள் படுக்க ஆசை என்றால் படுங்கள், அந்தக் கறுவாவில் எங்களுக்கும் பங்கு உண்டு. காசு குறைவு என்றால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இலவசப் படகு ஓடுகிறது. அதில் ஏறி நகரத்தின் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள், அல்லது மெட்ரோவில் பைல்மருக்குப் போங்கள்.

மாமா வீடுதான் என்று முடிவானால், பகலில் நகரத்தைச் சுற்றிவிட்டு இரவில் நேரத்தோடு வீட்டுக்கு வாருங்கள். அவர் அந்த நாட்டில் முதல்முதல் படுத்த கட்டில் எங்கே இருந்தது, அந்த அறையில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பாடு, யார் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனது என்று கேளுங்கள். கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அம்ஸ்டர்டாம் தன் வியாபாரிகளின் பத்திரங்களைக் கவனமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. 1985இல் அந்தத் தங்குமிடங்களில் கிடந்த எங்கட ஆக்களின் கதைகளை நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். அவர்களுக்கும் வயது போகிறது.